லைன்பேக்கராக இருந்து ஹெட் கோச்: டிமெக்கோ ரயன்ஸ் ஏறிய படிகள் என்ன? சேலத்துப் பசங்களுக்கு அதில் எது உதவும்?

அஸ்தம்பட்டி ஃப்ளாக்:
எல்லாருக்கும் வணக்கங்க. 2028 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்ஸ்ல ஃப்ளாக் ஃபுட்பால் (அமெரிக்கன் ஃபுட்பால் மாதிரிதான், ஆனா ஆளைப் பிடிச்சு விழ வைக்காம இடுப்புல தொங்கற ஃப்ளாக் துணியை உருவணும்) சேர்ந்ததிலிருந்து இங்க சில கல்லூரிப் பசங்க அதை ஆட ஆரம்பிச்சிருக்காங்க. முக்கால்வாசிப் பேர் கபடியிலிருந்து வந்தவங்க. அதுல ஒரு தம்பி கவர் பொசிஷன்ல ஆடினவன், பிடிக்கிற பக்கம் முழுக்க அவன் குரல்தான் கேட்கும். கால்ல அடி, இனி முழு வேகத்துல ஆட முடியாது. கோச்சிங் பக்கம் வரணும்னு ஆசைப்படறான். அமெரிக்கன் ஃபுட்பாலின் பெரிய லீகான என்எஃப்எல்ல ஆடற ஹூஸ்டன் டெக்ஸன்ஸ் அணியோட ஹெட் கோச் டிமெக்கோ ரயன்ஸைத்தான் எப்பவும் உதாரணமா சொல்றான். அவரும் ஆடின காலத்துல லைன்பேக்கர், அதாவது தடுப்பு அணியில முன்வரிசைக்குப் பின்னால நிக்கிறவர்.

என் கேள்விகள்: 2015-ல ஆட்டத்தை முடிச்ச ரயன்ஸ், 2023-ல தான் முதல்ல ஆடின அதே ஹூஸ்டனுக்கு ஹெட் கோச்சா வந்தார். நடுவுல என்னென்ன வேலை பார்த்தார்? முதல் வேலையில தினசரி என்ன செய்யணும்? அதை இங்க காந்தி ஸ்டேடியத்துல ஒரு மொபைலை வெச்சுக்கிட்டுச் செய்ய முடியுமா?

ஏற்காடு அடிவாரம்:
நல்ல உதாரணத்தைத்தான் பிடிச்சிருக்கான் தம்பி. ஆட்டக்காலத்தையும் கோச்சிங் காலத்தையும் சேர்த்துப் பார்த்தாத்தான் இது புரியும்.

ரயன்ஸ் 1984-ல பிறந்தவர், அலபாமாவின் பெசமர் ஊர்க்காரர். அலபாமா பல்கலைக்கழகத்துல ஆடினார். 2006 டிராஃப்டில் (அணிகள் முறை வெச்சுப் புது ஆட்களை எடுக்கிற தேர்வு) இரண்டாம் சுற்றின் முதல் ஆளா, மொத்தத்துல 33-வதா ஹூஸ்டன் எடுத்தது. முதல் வருஷமே தடுப்பாட்டத்துக்கான சிறந்த புதுமுக விருது. 2007, 2009 இரண்டு தடவை லீக்கின் சிறந்த ஆட்டக்காரங்களுக்கான ப்ரோ பௌல். 2010-ல இடது குதிகால் தசைநாண், அதாங்க அக்கிலீஸ், அறுந்தது. அடுத்த வருஷம் தடுப்புக்குப் பொறுப்பா வேட் ஃபிலிப்ஸ் வந்து 4-3 அமைப்பை (முன்வரிசையில நாலு பேர், பின்னால மூணு லைன்பேக்கர்) 3-4 ஆக்கினார். ரயன்ஸுக்குக் களத்துல கிடைச்ச நேரம் குறைஞ்சது. 2012-ல ஃபிலடெல்ஃபியாவுக்கு மாத்தி விட்டாங்க. அங்க முதல் வருஷம் ஆண்டி ரீடின் கீழ 4-3, அடுத்த வருஷம் சிப் கெல்லி வந்து மறுபடி 3-4. 2014 நவம்பர்ல, ஹூஸ்டன் மைதானத்துலயே, வலது அக்கிலீஸும் போச்சு. 2015 சீசனோட ஆட்டம் முடிஞ்சது. மொத்தம் பத்து சீசன்.

இதுல கவனிக்க வேண்டியது, பத்து வருஷத்துல அவர் மூணு தடவை அமைப்பு மாறி ஆடினார். ஒரே நடுப் பொசிஷனை இரண்டு அமைப்புலயும் மனப்பாடமா தெரிஞ்சுக்கிட்டார். கோச்சிங்குக்கு இதைவிடப் பெரிய படிப்பு வேற இல்லை.

இனி கோச்சிங். 2017-ல சான்ஃபிரான்சிஸ்கோ 49-அர்ஸ்ல குவாலிட்டி கன்ட்ரோல் கோச். 2018 முதல் 2020 வரை இன்சைட் லைன்பேக்கர் கோச். 2021, 2022 டிஃபென்ஸ் கோஆர்டினேட்டர், அதாவது முழு தடுப்புக்கும் பொறுப்பு. 2022-ல அந்த அணிதான் லீக்லயே குறைஞ்ச புள்ளி விட்டுக் கொடுத்த அணி, குறைஞ்ச யார்டு விட்டுக் கொடுத்ததும் அதுதான். சிறந்த துணைக் கோச் விருது அவருக்குக் கிடைச்சது. 2023 ஜனவரி கடைசியில ஹூஸ்டன் அழைச்சது. முந்தின சீசன்ல 3 வெற்றி, 13 தோல்வி, 1 சமன்னு கிடந்த அணி, அவர் வந்த முதல் சீசன்லயே 10-7, அதாவது 10 வெற்றி, 7 தோல்வி. பிளேஆஃப்ல கிளீவ்லேண்டை 45-14-னு அடிச்சது. 2024-லயும் 10-7.

கீழ்ப்படிக் கதவு எப்படித் திறந்ததுன்னும் பாருங்க. 2017-ல 49-அர்ஸுக்கு ஹெட் கோச்சா வந்தவர் கைல் ஷானஹன், டிஃபென்ஸ் கோஆர்டினேட்டர் ராபர்ட் சாலே. ரயன்ஸ் ஹூஸ்டன்ல ஆடின ஆரம்ப வருஷங்கள்ல இந்த இரண்டு பேருமே அங்க இளம் கோச்சுகள். மீட்டிங் ரூம்ல அவர் எப்படிக் குறிப்பு எடுப்பார், கேள்வி கேட்பார்னு நேர்ல பார்த்தவங்க. தம்பிக்கும் இதைச் சொல்லுங்க: இன்னிக்கு யார்கிட்ட ஆடறானோ, அவங்கதான் நாளைக்கு வேலை தருவாங்க.

நடுவரிசை 59:
மேல சொன்னது எல்லாம் சரி. ஆனா லைன்பேக்கர்ல இருந்து ஏன் இத்தனை கோச் வர்றாங்கன்னு யாரும் சொல்லலை. களத்துல அந்த ஆள் செய்யற வேலையே பாதி கோச் வேலைதான்.

ஒரு பிளே, அதாவது பந்தை முன்னால கொண்டு போற ஒரு முயற்சி, முடிஞ்சா அடுத்ததுக்கு 40 விநாடி. தடுப்பு அணியில ஒருத்தர் ஹெல்மெட்ல மட்டும் ரேடியோ, பின்னால பச்சைப் புள்ளி ஒட்டியிருக்கும். 2008-லிருந்து இந்த ஏற்பாடு. பெரும்பாலும் அது நடு லைன்பேக்கர், மைக்னு சொல்வாங்க. கடிகாரத்துல 15 விநாடி மிச்சம் இருக்கும்போது ரேடியோ தானா அடங்கிடும். அதுக்கு மேல கோச் கிடையாது, மைக் மட்டும்தான். எதிரணியின் பலமான பக்கம் எதுன்னு கையைக் காட்டிக் கத்தணும். முன்வரிசை நாலு பேரை நகர்த்தணும். எதிரணி ஒருத்தனை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் ஓடவிட்டா, கவரேஜை, அதாவது யார் யாரைக் காக்கணும்ங்கிறதை, அந்த ஒரு நொடியில மாத்திச் சொல்லணும். பத்துப் பேருக்கும் கேட்கணும், அதுவும் அறுபதாயிரம் பேர் கத்தற ஸ்டேடியத்துல.

பந்து நகர்ந்ததும் மைக் பார்க்கிறது பந்தை இல்லை. நாலஞ்சு யார்டு தள்ளி நின்னு எதிர் கார்டோட (எதிரணி முன்வரிசையில நடு ஆளுக்குப் பக்கத்துல நிக்கிறவன்) தலையைப் பார்ப்பார். தலை தாழ்ந்து முன்னால வந்தா ஓட்டம். நிமிர்ந்து பின்னால சாய்ஞ்சா பாஸ். கார்ட் வரிசையை விட்டுப் பக்கவாட்டுல ஓடினா, பந்தும் பெரும்பாலும் அந்தப் பக்கம்தான் போகும். கார்டைப் பார்த்த பிறகுதான் அவனுக்குப் பின்னால இருக்கிற ரன்னிங் பேக், அதாவது பந்தை வாங்கி ஓடறவன். இந்த வரிசை தலைகீழா போனா, அதாவது கண்ணு முதல்ல பந்துக்குப் போனா, ஓடறவன் கையில பந்தைக் கொடுக்கிற மாதிரி காட்டற போலி ஹேண்ட்-ஆஃப்ல ஏமாந்து இரண்டு எட்டு முன்னால வந்திருப்பான். அவன் விட்டுட்டு வந்த இடத்துலதான் பாஸ் விழும். டிவியில லைன்பேக்கர் தலைக்குப் பின்னால சும்மா பிடிக்கிற மாதிரி தெரியற பாஸ்ல பல இப்படித்தான் வருது.

2018-ல மூணாவது சுற்றுல வந்த ஃபிரெட் வார்னருக்கும், 2019-ல அஞ்சாவது சுற்றுல வந்த ட்ரே கிரீன்லாவுக்கும் ரயன்ஸ்தான் பொசிஷன் கோச். இந்த மாதிரிக் கண்ணு ஒழுங்கைச் சொல்லிக் கொடுக்கிறதுதான் அந்த வேலை. வார்னர் இன்னிக்கு அந்தப் பொசிஷன்ல முதல் பெயரா சொல்லப்படறவர்.

சூரமங்கலம் சார்:
ரயன்ஸ் ஒருவரை மட்டும் வைத்து முடிவுக்கு வர வேண்டாம். லைன்பேக்கராக இருந்து ஹெட் கோச் ஆன மற்றவர்களையும் பக்கத்தில் நிறுத்திப் பாருங்கள்.

மைக் சிங்கிள்டரி, சிகாகோவின் மாபெரும் நடு லைன்பேக்கர், 1998-ல் ஹால் ஆஃப் ஃபேமில் சேர்ந்தவர். கோஆர்டினேட்டர் படியை மிதிக்காமலே 2008 சீசன் நடுவில் 49-அர்ஸ் ஹெட் கோச் ஆனார். 2010 முடியும் முன்பே பதவி போனது. 18 வெற்றி, 22 தோல்வி. ஜெராட் மேயோ, 2008-ன் சிறந்த புதுமுகத் தடுப்பாளர், நியூ இங்கிலாந்தில் இன்சைட் லைன்பேக்கர் கோச்சாக இருந்து நேராக 2024-ல் ஹெட் கோச். 4-13. ஒரே சீசன்.

மைக் விரேபல் வேறு வழியில் போனார். 14 சீசன் ஆடி, நியூ இங்கிலாந்தோடு மூன்று சூப்பர் பௌல் (லீகின் இறுதிப் போட்டி) வென்ற பிறகு, 2011-ல் தான் படித்த ஒஹாயோ ஸ்டேட் கல்லூரியில் கோச்சிங் தொடங்கினார். 2014-ல் ஹூஸ்டனில் லைன்பேக்கர் கோச், 2017-ல் ஒரே ஒரு வருடம் கோஆர்டினேட்டர், 2018-ல் டென்னஸி ஹெட் கோச், 2021-ல் ஆண்டின் சிறந்த கோச், 2025-ல் நியூ இங்கிலாந்து ஹெட் கோச்.

கோஆர்டினேட்டர் படிதான் எல்லாம் என்றும் நான் சொல்லவில்லை. விரேபல் கோஆர்டினேட்டராக இருந்த அந்த ஒரு வருடம் ஹூஸ்டன் தடுப்பு லீகிலேயே அதிகப் புள்ளி விட்டது. அஞ்சாவது ஆட்டத்திலேயே ஜே.ஜே. வாட்டும் விட்னி மெர்சிலஸும் காயத்தில் விழுந்திருந்தார்கள். டென்னஸி எண்ணை மட்டும் பார்க்காமல் ஆளைப் பார்த்தது. ஆனாலும் முழு தடுப்புக்கும் வாரம் முழுக்கத் திட்டம் போட்டு, ஞாயிறு அன்று ஒவ்வொரு பிளேக்கும் தானே அழைப்பு கொடுத்த அனுபவம் ரயன்ஸுக்கு இரண்டு சீசன் இருந்தது. அதைத் தாண்டிக் குதித்தவர்கள் பலர் தடுமாறியிருக்கிறார்கள். உங்கள் தம்பிக்கும் படி தாண்டும் ஆசையைத் தூண்டி விடாதீர்கள்.

அஸ்தம்பட்டி ஃப்ளாக்:
ரொம்ப நன்றிங்க சார், அண்ணாக்களுக்கும் நன்றி. அந்த குவாலிட்டி கன்ட்ரோல் வேலை என்னன்னு மட்டும் யாராவது பிரிச்சுச் சொல்லுங்க. தம்பி அதுலதான் ஆரம்பிக்கணும்னு தோணுது.

ஏற்காடு அடிவாரம்:
அதுதான் சரியான இடம். அங்க அது மரியாதைக்குரிய அடிமட்ட வேலை. எதிரணியோட கடைசி நாலஞ்சு ஆட்டத்தை எடுத்து, ஒவ்வொரு பிளேயையும் ஒரு வரியா எழுதணும். என்எஃப்எல் வாரத்துல செவ்வாய்க்கிழமை ஆட்டக்காரங்களுக்கு ஓய்வு, கோச்சுகள் அன்னிக்குத்தான் திட்டம் போடுவாங்க. புதன் முதல் இரண்டு டவுன் (குறிச்ச தூரத்தைக் கடக்கக் கிடைக்கிற நாலு முயற்சியில ஒவ்வொண்ணும் ஒரு டவுன்), வியாழன் மூணாவது டவுன், வெள்ளி எண்ட் ஸோனை, அதாவது களத்தோட கடைசியில புள்ளி எடுக்கிற பகுதியை, ஒட்டின இருபது யார்டு. அதனால குவாலிட்டி கன்ட்ரோல் ஆள் திங்கள் ராத்திரிக்குள்ள அட்டவணையை முடிச்சிருக்கணும்.

சேலத்துல செய்யறதுக்கு:

படம் எடுக்கிறது. கேலரியோட மேல் படியில நின்னு மொபைலை அகலவாக்குல பிடிச்சு எடுங்க. சாயங்கால ஆட்டம்னா மேற்குப் பக்க கேலரியில நில்லுங்க, வெயில் முதுகுக்குப் பின்னால இருக்கும். கிழக்குல நின்னா ஆட்கள் எல்லாம் கறுப்பு நிழலாத்தான் விழுவாங்க. பந்து பின்னால ஜூம் பண்ணிக்கிட்டுப் போகவே கூடாது. எல்லாரும் பண்ற தப்பு இதுதான். பந்து அழகா தெரியும், பின்னால யாரு காலியா நின்னான்னு தெரியாது. அணிக்கு அஞ்சு பேர்னு பத்துப் பேரும் படத்துக்குள்ள இருக்கணும். இன்னொரு மொபைல் கிடைச்சா எண்ட் ஸோனுக்குப் பின்னால, உயரத்துல வைங்க. ஆளுக்கு ஆள் நடுவுல இருக்கிற இடைவெளி அங்கிருந்துதான் தெரியும். பிளே முடிஞ்சதும் நிறுத்தி, அடுத்ததுக்கு முன்னால திரும்ப ஓடவிடணும். இல்லேன்னா வெட்டறதுக்கே ராத்திரி போயிடும்.

எழுதறது. ஒரு பிளேக்கு ஒரு வரி: பிளே எண், எத்தனாவது டவுன், இன்னும் எவ்வளவு தூரம், களத்துல எந்த இடம், எதிரணி நின்ன அமைப்பு (ஒரு பக்கம் மூணு பேரா, கொத்தா நின்னாங்களா), முன்கூட்டி யாராவது நகர்ந்தாங்களா, பாஸ் இடமா நடுவா வலமா, எத்தனை யார்டு ஆழம், எவ்வளவு கிடைச்சது, நம்ம பக்கம் ஃப்ளாக்கை யார் உருவினான், யார் தவறவிட்டான். தூரத்தை மூணா பிரிச்சாப் போதும்: 1 முதல் 3 யார்டு, 4 முதல் 6, 7-க்கு மேல. ஆழத்தையும் மூணா: அஞ்சுக்குள்ள, பத்துக்குள்ள, பத்தைத் தாண்டி.

பிறகு வடிகட்டணும். மூணாவது டவுன், 7-க்கு மேலன்னு வடிகட்டினா எந்தப் பக்கம் போறாங்கன்னு தெரியும். ஆனா ஒரே ஆட்டத்துல அப்படி மூணு பிளேதான் இருக்கும். மூணுல மூணும் வலப்பக்கம்னு நம்பி ஆளை அங்க குவிச்சா, நாலாவது இடப்பக்கம் போய் எதிரணி புள்ளி எடுத்துடும். பத்துப் பன்னிரண்டு பிளேயாவது ஒரே மாதிரி சேர்ந்தாத்தான் அதைப் பழக்கம்னு சொல்லணும்.

கடைசியா, மாசத்துக்கு ஒரு தடவை இதே அட்டவணையை நம்ம அணிக்கும் போடணும். எதிரணி நம்மைப் பத்தி என்ன எழுதியிருப்பான்னு அப்பத்தான் தெரியும். தம்பியோட அட்டவணை ஒரு பக்கத்தைத் தாண்டக் கூடாது. கோச்சுக்கு ஆட்டத்துக்கு நடுவுல படிக்க நேரம் இருக்காது.

கன்னங்குறிச்சி கபடி:
கபடிப் பசங்கன்னு சொன்னதால ஒரு எச்சரிக்கை. ஃப்ளாக்ல யாரையும் பிடிச்சு நிறுத்தக் கூடாது, தள்ளவும் கூடாது. தொடைப் பிடி, கணுக்கால் பிடி, இரண்டு பேர் கை கோத்துச் சங்கிலி போடறது எல்லாமே தண்டனை. பழக்கம் உடம்புல ஊறினதால முதல்ல பெனால்டி மேல பெனால்டிதான் விழும்.

ஆனா கவர்ல ஆடினவன்கிட்ட வேற ஒண்ணு இருக்கு. ரைடர் திரும்பிப் போற வழியை மறிக்கிற கோணம். அது அப்படியே லைன்பேக்கர் கோணம். அதை வெச்சுக்கிட்டு முடிவை மட்டும் மாத்துங்க. ஓடி வர்றவனுக்கு இரண்டு மீட்டர் முன்னால வேகத்தைக் குறைச்சு, சின்னச் சின்ன எட்டு வெச்சு, இடுப்பை நேரா நிறுத்தணும். கண்ணு அவன் கண்ணையோ பந்தையோ பார்க்கக் கூடாது, இடுப்பெலும்பைப் பார்க்கணும். தலையாலயும் தோளாலயும் ஏமாத்தலாம், இடுப்பால ஏமாத்த முடியாது. பக்கத்துல இருக்கிற கையால ஃப்ளாக்கை கீழ்நோக்கி ஒரே இழு. முழு வேகத்துல பாய்ஞ்சா ஒரு வெட்டுல தாண்டிப் போயிடுவான்.

பயிற்சிக்கு: நாலு கூம்பை வெச்சு அஞ்சு மீட்டர் சதுரம். ஒருத்தன் பந்தோட உள்ள வருவான், ஒருத்தன் ஃப்ளாக் உருவணும். ஆளுக்கு ஆறு தடவை, ஒவ்வொண்ணுக்கும் நடுவுல முழு மூச்சு வாங்க விடணும். களைச்சுப் போனா இடுப்பு உயர்ந்து கை மட்டும் நீளும், அந்தத் தப்பே பழக்கமாயிடும்.

களம் பத்தி: எண்ட் ஸோனோட மொத்தம் 70 யார்டு நீளம், 25 யார்டு அகலம், அதாவது 64 மீட்டருக்கு 23 மீட்டர். ஒரு ஹாக்கி மைதானத்துல பக்கத்துப் பக்கத்துல இரண்டு களம் தாராளமா போடலாம். பந்து எறியறவனை விரட்டிப் போறவன் 7 யார்டு தள்ளி நிக்கணும். அதை அடி எண்ணி நிக்க விடாதீங்க, ஒரு கூம்பு வைங்க.

மரவனேரி பிசியோ:
ரயன்ஸ் கதையில் இரண்டு அக்கிலீஸும் போனதை யாரும் சாதாரணமாகக் கடந்து போகாதீர்கள். ஸ்டாமினா ஏறும் என்று அடிவாரத்திலிருந்து ஏற்காடு மலைப்பாதையில் ஓடும் பழக்கம் இங்கே பலருக்கு உண்டு. மேட்டில் ஓடும்போது குதிகால் ஒவ்வொரு அடியிலும் தாழ்ந்து அந்தத் தசைநாணை முழு நீளத்துக்கு இழுக்கிறது. கெண்டைக்கால் தசையைத் தயார் செய்யாமல் முதல் வாரமே கொண்டை ஊசி வளைவு ஏறுவது வேண்டாம். முதலில் சமதரையில் ஓட்டம். வாரம் மூன்று நாள், ஒற்றைக் காலில் குதிகால் உயர்த்தும் பயிற்சி: முட்டியை நேராக வைத்து 12 தடவை மூன்று சுற்று, முட்டியை மடித்து 12 தடவை மூன்று சுற்று. ஏறுவதைவிட இறங்குவதை மெதுவாக, மூன்று எண்ணும் நேரத்துக்குச் செய்ய வேண்டும். காலையில் முதல் சில அடிகளில் குதிகாலுக்கு மேல் விறைப்பும் வலியும் இருந்தால் அந்த வாரம் மேடு ஓட வேண்டாம்.

ஓடும்போது யாரோ பின்னாலிருந்து உதைத்த மாதிரி இருந்து, திரும்பிப் பார்த்தால் யாரும் இல்லையென்றால் அது அறுந்ததன் அடையாளம். ஆளைக் குப்புறப் படுக்க வைத்துக் கெண்டைக்காலை அழுத்துங்கள். பாதம் அசையவில்லையென்றால் நடக்க விடாமல் அன்றே எலும்பு மருத்துவரிடம் கொண்டு போங்கள். எண்ணெய் போட்டு உருவவே கூடாது. திரும்ப ஆட ஒன்பது மாதம் முதல் ஒரு வருடம் ஆகும்.

அஸ்தம்பட்டி ஃப்ளாக்:
எல்லாத்தையும் பிரிண்ட் எடுத்து வெச்சுட்டேங்க. ஒரே ஒரு சின்னக் கேள்வி. ஃப்ளாக் பெல்ட் தையல்காரர்கிட்ட தைக்கலாமா? பசங்க இப்போ துணி ரிப்பனை இடுப்புல முடிச்சுப் போட்டு ஆடறாங்க.

கன்னங்குறிச்சி கபடி:
முடிச்சு உடனே நிறுத்துங்க. அவிழாது, இழுத்தா ஆளே சேர்ந்து விழுவான், விரலும் மாட்டும். தைக்கலாம்: ஃப்ளாக் 38 செ.மீ. நீளம், 5 செ.மீ. அகலம், கொஞ்சம் விறைப்பான ரெக்சின் மாதிரி துணி. மெல்லிசுத் துணி காலோட ஒட்டிக்கும், கைக்குச் சிக்காது. இரண்டு இடுப்பிலும் ஒவ்வொண்ணு. பெல்ட்டோட சேர்க்கிற இடத்துல வெல்க்ரோ சின்னத் துண்டு போதும். பெரிசா வெச்சா முடிச்சு போட்ட கதைதான். ஃப்ளாக் நிறம் கால்சட்டை நிறத்துல இருக்கக் கூடாது. பாக்கெட் வெச்ச கால்சட்டையோட யாரையும் இறக்காதீங்க, சட்டையை உள்ள விடச் சொல்லுங்க. தைச்சு வந்ததும் ஒவ்வொண்ணையும் இருபது தடவை இழுத்துப் பாருங்க. ஒரு கையால லேசா இழுத்ததும் வரலைன்னா வெல்க்ரோவைப் பாதியா வெட்டுங்க.